எண்பது நிமிடம்

விண்ணப்பத்தின் கடைசிப் பெட்டி இன்னும் காலி.
'இந்தப் பணியை ஏன் விரும்புகிறீர்கள்?'
முந்நூறு சொற்களுக்குள்.
நான் எழுதிவைத்திருப்பதோ வெறும் கணக்கு,
மின்கட்டண உறையின் முதுகில்.

ஷிப்ட் ஆறரைக்கு.
ஐந்து ஐம்பதுக்கு வீட்டைப் பூட்டினால்தான்
இந்தக் காரை நம்பிப் போக முடியும்.
எதிர்வீட்டு லோவ்ரி
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து
ஏழு பத்துக்குத்தான் வருவாள்.
நடுவில் எண்பது நிமிடம்.
எப்படி மடித்தாலும்
உறை அந்த இடத்தில்தான் கிழிகிறது.

போர்ட் டால்பட்டில் உலை அணைந்த பிறகு
எங்களுக்கு ஓர் ஆலோசகரைக் கொடுத்தார்கள்.
"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.
ஆயிரத்தைந்நூறு டிகிரிக்குப் பக்கத்தில் நின்று
பதறாமல் இருக்கத் தெரியும் என்றேன்.
சிரித்தார். அப்புறம் இந்தப் படிவத்தை நீட்டினார்.

ஆனால் காரணம் அதுவல்ல.

பிப்ரவரியில் ஒரு மாலை
நெஸ்ட்டின் மூச்சு விசிலடித்தது.
இன்ஹேலர் பத்து முறை.
உதட்டோரம் நீலம்.
இரும்பு பழுக்கும் எல்லா நிறமும் எனக்குப் பழக்கம்,
அந்த நீலம் பழக்கமில்லை.
பதறாதவன் ஒற்றைச் செருப்போடு
நடுத்தெருவில் நின்று கையாட்டினேன்.

வந்தவள் பெயர் மெய்னிர்.
முழங்காலில் யார் வீட்டுச் சேறோ.
மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினாள்.
மணிக்கட்டிலும் ஒரு கடிகாரம்,
பேனாவால் வரைந்தது, மணி ஏழு.

மூச்சு திரும்பியதும் நெஸ்ட் கேட்டது அதைத்தான்.
"என் பையன் வரைந்தான்.
நான் வீட்டுக்கு வர வேண்டிய நேரமாம்."
அப்போது எட்டேகால்.

மருத்துவமனை வாசலில்,
தனியாகவா வளர்க்கிறீர்கள் என்றேன்.
ஆமாம்.
எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"மோசமாக. சில நாள் நன்றாக."
இவ்வளவு நேர்மையான வேலை விளம்பரத்தை
நான் படித்ததில்லை.

உறையில் இன்னும் கொஞ்சம் இடமிருக்கிறது.
கிறிஸ்துமஸ் காலை, ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்.
பள்ளி நாடகம், சீருடையோடு, பாதியில்.
காய்ச்சல் என்று டீச்சர் கூப்பிடும்போது
யாரோ ஒருவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பேன்,
எண்ணிக்கையை விட முடியாது.
அவள் அம்மா பிரிஸ்டலில். கேட்டால் வருவாள்.
கேட்கத்தான் வாய் வரவில்லை.

கிடங்கு வேலை ஒன்றும் இருக்கிறது, ஒன்பதிலிருந்து ஐந்து.
அட்டைப்பெட்டிகளுக்கு மூச்சு முட்டாது.
உறையும் கிழியாது.
அந்தக் கடிதத்தை எடுத்தாலே கொட்டாவி வருகிறது,
பின்னாலேயே வெட்கமும்.

வெள்ளியன்று தட்டில் பட்டாணியை அடுக்கியபடி கேட்டாள்:
"எனக்கு மறுபடி விசில் வந்தா, ஆம்புலன்சில நீ வருவியா?"
வேற யாராவது வருவாங்க.
"நீ எங்க இருப்ப?"
இன்னொரு வீட்டில், இன்னொரு பிள்ளைகிட்ட.
ஒரு பட்டாணியை ஓரமாகத் தள்ளினாள்.
"அந்தப் பிள்ளைக்கு அப்பா இருக்காரா?"
போனால்தான் தெரியும் என்றேன்.
பட்டாணி ஆறிப்போயிற்று.

ஞாயிறு காலை ஒத்திகை பார்த்தேன்.
ஐந்து ஐம்பதுக்குக் கதவைப் பூட்டினேன்.
எங்கும் போகவில்லை.
வாசலில் காருக்குள் உட்கார்ந்தேன், எஞ்சினை அணைத்துவிட்டு.
ஒரு நரி குப்பைத்தொட்டியை மோந்துவிட்டுப் போனது.
என் மூச்சே கண்ணாடியை மறைத்தது, துடைத்தேன்,
மறைத்தது, துடைத்தேன்.
ஆறு நாற்பதுக்கு அவள் அறையில் விளக்கு எரிந்தது.
கை கதவுப்பிடிக்குப் போனது.
எடுத்துவிட்டேன்.
விளக்கு அணைந்தது.
அதற்குப் பிறகுள்ள அரைமணி நேரத்தை
எந்த உலையருகிலும் நான் நின்றதில்லை.

ஏழு பத்துக்கு லோவ்ரி கண்ணாடியைத் தட்டினாள்.
"இங்கே என்ன பண்ற?"
வேலைக்குப் போயிருக்கிறேன் என்றேன்.

விளக்கு ஏன் எரிந்ததென்று
நெஸ்ட்டிடம் நான் இன்னும் கேட்கவில்லை.
முந்நூறு சொற்களில் முதல் சொல்லும்
இன்னும் வரவில்லை.