காற்று எடுத்தல்

இப்ரி. வெள்ளி. காலை ஆறரை.
நைட் ட்யூட்டி முடிந்த கண்ணோடு
பாட்ரோலுக்கு அடியில் படுத்திருக்கிறேன்.
தொண்ணூற்றொன்று மாடல், எனக்கு இரண்டு வயது மூத்தது.
முட்டி தேய்ந்தது மட்டும்
இருவருக்கும் ஒரே வருஷம்.

பழைய பிரேக் ஹோஸ் வெயிலில் வெடித்து
உடும்புத் தோலாகியிருந்தது.
இப்போது மாட்டியிருப்பது எஃகு வலை பின்னியது.
பன்னிரண்டு ரியால், பேரம் பேசி.

நிப்பிளில் சொருகியிருப்பது
காலாவதியான டிரிப் செட்;
வார்டில் குப்பைக்குப் போக இருந்தது.
மறுமுனை லபான் பாட்டிலுக்குள்.

மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.
பேக்கரி குல் ஜமான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்,
பெடலெல்லாம் மாவு.
அவர் பஷ்தோ எனக்குத் தெரியாது,
என் தமிழ் அவருக்கு.
இருவருக்கும் பொதுவாய் ஒரே சொல்: "பஸ்."

மிதித்துப் பிடிப்பார்.
கால் சுற்றுத் திறப்பேன், மூடுவேன்.
பஸ். காலை எடுப்பார்.
குமிழி. குமிழி.
கடுங்காப்பி நிறத்தில் ஆயில்.
அப்புறமும் ஒரு குமிழி, பொடிசாய்.
நரம்புக்குப் போகும் குழாயில் இத்தனை காற்று விட்டிருந்தால்
ஹெட் நர்ஸ் பிலோமினா
அன்றைக்கே டிக்கெட் போட்டிருப்பாள்.

நாலாவது சக்கரத்தில் பெடல் கல்லானது.
மேலிருந்து அவர் ஏதோ சொன்னார்.
பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

செல்வின் போனில் கேட்கிறான்:
"மெக்கானிக்கிட்ட காட்டுனியா?"
காட்டினேன்.
அவன் விலை சொன்னான்.

கேட் வரை ஓட்டி, அழுத்தினேன்.
பக்கத்து சீட்டில் குல் ஜமான் வைத்துப்போன
சுடு ரொட்டி
டாஷ்போர்டில் போய் முட்டியது.