அதுவே போட்டுக்கும்

மேட்டூரில் மூடிக் கிடந்த ஓர் ஆலையின் ஜெனரேட்டரை
ஏலத்தில் எடுத்தேன்.
ட்ரெய்லரோடு சேர்த்து இரண்டு டன்.
இழுக்க வந்திருப்பது
பெங்களூர் டாக்டர் ஒருவர் சலித்துப்போய் விற்ற
ஆட்டோமேட்டிக் வண்டி.
மீட்டரில் இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
மீட்டர் ஓடாமல் நின்றிருந்த மாதங்கள்
அதில் சேரவில்லை.
கிளட்ச் மிதிக்க வேண்டாமே என்றுதான் வாங்கினேன்;
என் இடது முழங்காலும்
ஏறக்குறைய அவ்வளவு ஓடியிருக்கிறது.

ராயக்கோட்டை ரோட்டில் இம்தியாஸ்
கியர்பாக்ஸ் ஆயிலை விரலில் தொட்டு
மோந்து பார்த்தான்.
சிவப்பாக இருக்க வேண்டியது
நேற்றைய டிக்காஷன் நிறத்தில் இருந்தது.
மாத்திடலாமா என்றேன்.
"மாத்துனா செத்துடும் நாகவேணிக்கா.
உள்ள தேஞ்ச தகட்டப் பிடிச்சி நிறுத்தியிருக்கறதே
இந்த அழுக்குதான்."
அதற்குமேல் என்ன கேட்க?
சந்தூர் மாங்கூழ் ஆலைக்கு
வெள்ளிக்கிழமைக்குள் கரண்ட் என்று
முன்பணம் வாங்கி,
செலவும் செய்தாயிற்று.

தொப்பூர்.
ஏற்றம் தொடங்கியதும்
வண்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
மூன்றா, இரண்டா,
இல்லை மூன்றேதானா?
உள்ளே யாரோ தீர்ப்பு எழுதி எழுதிக்
கிழித்துப் போடுகிறார்கள்.
கியர் மாறும் ஒவ்வொரு முறையும் ட்ரெய்லர்
பின்னாலிருந்து முதுகில் ஒரு தட்டு தட்டும்:
நான் இருக்கேன்.

குச்சியை இரண்டுக்கு இழுத்து அங்கேயே நிறுத்தினேன்.
ஏசியை அணைத்தேன்.
வைகாசி மத்தியானத்தில்
ஹீட்டரை முழுசாகத் திருகினேன்,
எஞ்சினுடைய சூட்டில் கொஞ்சமாவது
என்மேல் இறங்கட்டும் என்று.
இருபது கிலோமீட்டர் வேகம்.
மூக்கு நுனியில் வேர்வை.
தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்
லாரிகள் பிரேக்கைக் கருக்கிக்கொண்டு இறங்குகின்றன.
கணவாய் முழுக்க ஒரே தீய்ந்த வாடை.
அதில் எது அவர்களுடையது,
எது என்னுடையது?

விளக்கு எரிந்தது.
ஓரம் கட்டினேன்.
"நின்னாலும் அணைச்சிடாதீங்க,
நியூட்ரல்ல விடுங்க, ஆயில் சுத்தணும்."
இம்தியாஸ் சொன்னதை வாய்விட்டு
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஹேண்ட்பிரேக் மட்டும் நம்பும்படி இல்லை.
பின்னால் நின்ற நாமக்கல் லாரியிலிருந்து
ஒருவர் இறங்கி வந்து, எதுவும் கேட்காமல்
ட்ரெய்லர் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்தார்.
பிறகுதான் கேட்டார்.
"எத்தனாவது கியர்ல வந்தீங்க?"
"ஆட்டோமேட்டிக்குங்க. அதுவே போட்டுக்கும்."
"அதுவே போட்டுக்குமா?
அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

பயப்படுவேன்
என்று சொல்லியிருக்கலாம்.
சிரித்து வைத்தேன்.

நாற்பது நிமிஷம்.
குரங்கு ஒன்று கப்ளிங் மேல் உட்கார்ந்து
சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.
லாரியும் போய்விட்டது.
விளக்கு அணைந்ததும் குச்சியை இறக்கினேன்.
எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை.
ஒரு மூச்சு.
இன்னொரு அரை மூச்சு.
எங்கோ அடியில் அந்தப் பழைய அழுக்கு
ஒரு தகட்டைப் போய்ப் பிடித்தது.

சமதளம் வந்து நிறுத்திய பிறகுதான்
கல் ஞாபகம்.
ரோட்டிலேயே விட்டு வந்திருக்கிறேன்.
ராத்திரி டூவீலரில் யாராவது வருவார்கள்.
இறங்கி நடந்தேன், முழங்காலைத் திட்டிக்கொண்டே,
முந்நூறு அடியோ நானூறோ.
ஓரமாய்த் தள்ளியிருக்கலாம்.
என்னவோ, தூக்கிக்கொண்டு ஏறினேன்.
பக்கத்து சீட்டில் வைத்ததும்
பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்த ஆரம்பித்தது.
எந்த கியர் என்று தெரியாமல் இவ்வளவு தவித்த வண்டி
இதில் மட்டும் உறுதியாக இருந்தது.

போட்டுவிட்டேன்.

பாளையம் டோலில் பையன் எட்டிப் பார்த்தான்,
கல்லை, பெல்ட்டை, என்னை.
ட்ரெய்லருக்கு மட்டும் தனியாகக்
காசு கேட்டான்.