பேசாத மரம்

குரல்நாணில் முடிச்சு,
ஆறு மாதம் கூவக் கூடாது என்றார் காரைக்குடி டாக்டர்.
மௌனமாக மீன் விற்றுக் காட்டட்டும் அவர்.

செல்போனில் பழைய பதிவு ஒன்று கிடந்தது,
தொண்டிக் கரையில் விளையாட்டாகப் பிடித்தது:
"நகரை, சங்கரா, உசுரு நண்டேய்..."
நாலு அங்குல ஸ்பீக்கரும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியும்
வாங்கியாயிற்று. இனி பெட்டி.
என் ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நிற்க வேண்டும்.
ஐஸ் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாகக் கூடாது.

பழஞ்சாமான் கடையில்
இடித்த வீடுகளின் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன.
"பர்மாத் தேக்கு" என்றார் வைரவன்,
மாப்பிள்ளையை அறிமுகம் செய்வது போல.
மீன் தராசில் தூக்கி வைத்தேன், அவர் முகம் சுருங்கியது.
பெட்டிக்கு வேண்டிய பலகை மட்டும் ஆறு கிலோ இருநூறு.
ஆறு கிலோ சங்கராவை இறக்கிவிட்டா
தேக்கை ஏற்றிக்கொண்டு போவேன்?

அறுவை மில்லில் பலாவைக் காட்டினான் கருத்தான்.
"வீணைக்குப் போற மரம். தட்டிப் பாருங்க, பாடும்."
தட்டினேன். பாடியது.
அதுதான் வேண்டாம்.
நான் நண்டு என்றால் இதுவும் கூடவே நண்டு என்னும்.
இரண்டு நண்டில் எதை நம்பி
ஒருத்தி சட்டியோடு வெளியே வருவாள்?
எனக்கு வேண்டியது
என்னைப் பேசவிட்டுத் தான் வாய் மூடும் மரம்.

சவப்பெட்டிக் கடை சூசை மாம்பலகைத் துண்டுகளைச் சும்மாவே தந்தான்.
"இதுல படுத்தவங்க யாரும் குறை சொன்னதில்ல."
ஒரே வாரத்தில் ஓட்டை ஓட்டையாக மாவு கொட்டியது.
எம்.டி.எஃப். வழவழப்பு, விலை குறைவு, முணுமுணுப்பே கிடையாது.
ஐஸ்பெட்டிக்கு அடியில் ஒரு துண்டை இரவு போட்டு வைத்தேன்,
விடிந்து பார்த்தால் டீயில் முக்கிய ரஸ்க்.

கடைசியில் கானாடுகாத்தானில் கிடைத்தது.
மாளிகை ஒன்றை ஓட்டல் ஆக்குகிறார்கள்.
குளியலறை அலமாரிக்கு வந்த மரைன் பிளைவுட்,
பன்னிரண்டு மில்லி, மிச்சத் துண்டுகள்.
ஒரு கிலோ நெத்திலிக்குத் தச்சர் சம்மதித்தார்.
குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தாள்கள்:
ஒன்று முனக நினைத்தால் அடுத்தது அமுக்கிவிடும்,
கூட்டுக் குடும்பம் மாதிரி.
தட்டினேன். டொப்.
இன்னொரு தரம். டொப்.
அவ்வளவுதான் அதன் அபிப்பிராயம்.
தராசில் இரண்டே முக்கால்.

உப்புக்குத் துருப்பிடிக்காத திருகு,
மூலைக்குப் பசை,
உள்ளே கிழிந்த தலையணையின் பஞ்சு,
வெளியே மூன்று கோட்டு வார்னிஷ்.
பேஸ் வரவில்லையே என்று ஸ்பீக்கர் கடைப் பையன் வருந்தினான்.
வேண்டாம் தம்பி,
மீனை யாரும் அடிவயிற்றில் கேட்பதில்லை.

இன்று காலை முதல் ஓட்டம்.
பூட்டிய வீடுகளின் நீளச் சுவரில் மோதி
என்னிடமே திரும்பி வந்தேன்,
இரண்டு வயது இளையவளாக.
உமையாள் சட்டியோடு வந்து நின்றாள்.
"யாரு கூவுறது, உன் தங்கச்சியா?"
தலையாட்டினேன். விலையை விரலில் காட்டினேன்.
அவள் என்னை விட்டுவிட்டுப்
பெட்டியைப் பார்த்துப் பேரம் பேசினாள்.
பெட்டி ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

எல்லாம் சரிதான்.
'நகரை' என்னும்போது மட்டும்
கடைசியில் ஒரு ர்ர்ர் கூடுதல்.
பின்பலகையில் ஏதோ ஒரு திருகு.
மத்தியானம் பார்க்க வேண்டும்.