திமிங்கில மாதம்

நகர்மன்றக் கூட்டத்தில் நான் பேசுகிறவனில்லை,
எழுதுகிறவன்.
எது பேச்சு, எது இருமல் என்று
தரம்பிரிப்பது என் உத்தியோகம்.
காரைக்காலில் பிறந்த காதுக்கு
இந்தத் தீவின் கிரயோல் பதினாறு வருஷமாகியும்
பாதிதான் பிடிபடுகிறது.
மீதியைப் பிரெஞ்சாக்கி ஒப்பேற்றுகிறேன்.

சேன் லே. ஜூன் பத்தொன்பது. மாலை ஆறு.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு,
அதற்கும் அந்தப் பக்கம்
திமிங்கிலங்கள் குட்டி போட வரும் கடல்.
பொருள் எண் ஏழு:
பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடும் வீடுகள்,
வருஷத்துக்கு நூற்றிருபது நாளா, தொண்ணூறா.

தெஷேர் முதலில் எழுந்தார். மூன்று வீட்டுக்காரர்.
புயலில் கூரை போனபோது
மன்றமா தகரம் வாங்கித் தந்தது என்றார்.
வங்கிக் கடனுக்கு மழைக்காலமும் சீசன்தான் என்றார்.
சிரித்தார்கள். நானும்.
சிரிப்பைக் குறிப்பில் ஏற்றுவதில்லை.

பிறகு கடைசி வரிசையிலிருந்து
மரி-நோயல் வாயாபுரி,
பள்ளிக்கூடச் சமையலறையில்
தினம் முந்நூறு தட்டு நிரப்புகிறவள்.
நீட்டிய மைக்கைப் புறங்கையால் தள்ளினாள்.
"என் ஒப்பந்தம் பத்து மாதம்.
ஜூலையும் ஆகஸ்டும் திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களுக்கு.
அது பிள்ளை பெற வருகிறது,
நான் பிள்ளைகளோடு கிளம்புகிறேன்,
மேலே, தங்கச்சி வீட்டுக் கார் ஷெட்டுக்கு.
ஃபிரிட்ஜை விட்டுப்போகச் சொல்கிறார்கள்.
மேலே ஒட்டிய படங்களை மட்டும்
எடுத்துக்கொள்ளலாமாம்."

அப்புறம் போனை எடுத்து
போன வருஷம் தங்கிய யாரோ எழுதியதை
எழுத்தெழுத்தாக வாசித்தாள்:
ஐந்து நட்சத்திரம்.
முற்றத்தில் கலுப்பிலேச் செடி, இலையைக் கசக்கினால்
அறைவரை மணம்.
சொந்த வீடு மாதிரியே இருந்தது.

"அது நான் நட்டது."
உட்கார்ந்துவிட்டாள்.

கலுப்பிலே.
என் பேனா அங்கே நின்றது.
கருவேப்பிலைதான்.
யாரோ ஒருத்தியின் நாக்கில் கப்பலேறி,
கரும்புக் காட்டில் வாய்க்கு வாய் தேய்ந்து,
இந்த ஊர்ச் சொல்லாகிவிட்டிருக்கிறது.
செடிக்கு இடம் கிடைத்துவிட்டது.
நட்டவளுக்கு மலிவு வீட்டு வரிசையில்
மனு எண் இரண்டாயிரத்துச் சொச்சம்.
எலி வளையானாலும் தனி வளை வேண்டும்
என்பதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியும்.
குறிப்பில் அதற்குக் கட்டமில்லை.
எழுதினேன்: பொதுமக்களில் ஒருவர்
ஒரு தாவரம் குறித்துக் கருத்துத் தெரிவித்தார்.

இந்தப் பொருளில் சொந்த ஆதாயம் உள்ளவர்கள்
வெளியே போகலாம் என்றார் மேயர்.
மூன்று உறுப்பினர்கள் எழுந்து போனார்கள்,
ஒருவர் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு.
எழுதுகிறவனை யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது.
தனி வாசல், தனிக் குளியல்.
கடல் தெரியும் என்று போட்டிருக்கிறேன்.
ஸ்டூல் மேல் ஏறினால் தெரியும்.

வாக்கெடுப்பு நடக்கவில்லை.
புள்ளிவிவரம் போதாதாம்,
செப்டம்பர் கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
அதற்குள் குட்டிகள் நீந்தப் பழகி
தெற்கே திரும்பத் தொடங்கியிருக்கும்.

படியிறங்கும்போது சட்டைப்பையில் போன் துடித்தது:
லியோனிலிருந்து ஒரு தம்பதி,
ஜூலை நாலு முதல் பதினோரு இரவு,
ஏற்கிறீர்களா?
பதில் சொல்ல இருபத்துநாலு மணி நேரம்.
மன்றத்தைவிட அவசரக்காரர்கள்.

பஸ் நிறுத்த வெளிச்சத்தில் குறிப்பைப் பிரித்து
'ஒரு தாவரம்' என்பதை அடித்தேன்.
கலுப்பிலே என்று எழுதி,
எழுத்து சரிதானா என்று
அங்கே நின்றிருந்த அவளிடமே காட்டினேன்.
தலையாட்டினாள்.
பிறகு கேட்டாள்,
சும்மா, பஸ் வரும்வரை பேசுவதற்கு:
"நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?
எத்தனை அறை?"