பத்தில் நான்கு

மோன்சேயில் ஒரு விடுதியின் கூட்ட அறை.
இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றுகிறது.
ஆளுக்கு மூன்று காகிதக் கோப்பைகள், பத்து வேர்க்கடலை.
அதிகம், வழக்கம், குறைவு.
"அக்டோபர் முதல் டிசம்பர் வரை.
எதில் எத்தனை போடுவீர்கள்?"
லுசாகாவிலிருந்து வந்திருக்கும் நாமுகோலோ கேட்கிறாள்.

அணையின் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாமூங்கா
பத்தையும் ஒரே கோப்பையில் கொட்டிவிட்டுக்
கைகட்டி உட்கார்ந்துவிட்டார்.
கொசுவலைக்கு ஆர்டர் போடும் சோல்வே
மும்மூன்றாய்ப் பிரித்தாள்,
மிஞ்சியதை வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் விதைக்கிடங்கு அலுவலர்.
போன வருடம் வரைபடத்தில் எங்கள் மாவட்டம் பச்சை.
வானொலி நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன்,
"நல்ல மழை வருகிறது."
மூன்றே சொற்கள்.
நூற்று நாற்பது நாள் மக்காச்சோளத்தை
வரிசையில் நின்று வாங்கிப்போனார்கள்.
ஜனவரியில் அது இடுப்பளவு உயரத்தில்
கதிர் விடாமல் காய்ந்தது.
மழை பொய்த்துவிட்டது என்றார்கள்.
மழை எதுவும் சொல்லவில்லையே.
சொன்னவன் நான்.

"அந்தப் பச்சைக்கு நாற்பத்தைந்து சதவீதம் என்று பொருள்.
மீதி ஐம்பத்தைந்து எங்கே என்று
யாருமே கேட்கவில்லையா?"
நாமுகோலோ பொதுவாகத்தான் கேட்டாள்.
நான் குனிந்து குறிப்பெடுத்தேன்.
எடுக்க ஒன்றுமில்லை,
தேதியை இன்னொரு முறை எழுதினேன்.

மூன்றாம் நாள்
நிகழ்தகவுக்கு டோங்கா மொழியில் சொல் தேடி
தேநீர் இடைவேளையையும் தின்றுவிட்டோம்.
கடைசியில் கடலையே சொல்லாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை, அதே வானொலி.
"பத்துக் கடலையில் நான்கு குறைவான மழைக்கு,
மூன்று வழக்கத்துக்கு,
மூன்று அதிகத்துக்கு."
மூச்சு வாங்கிக்கொண்டேன்.
சிசேகேசியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்,
லுயாண்டோவின் அம்மா என்றாள்.
"கணக்கு புரிகிறது ஐயா.
இந்த வருடம் அந்தப் பத்தில் எந்தக் கடலை?"

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுக்காரன்
நேரம் ஓடுகிறது என்று விரலைச் சுழற்றினான்.
"தெரியாது" என்றேன்.
அந்த ஒலிவாங்கியில் அந்தச் சொல்லை
அதுவரை சொன்னதில்லை.

தொலைபேசியின் மறுமுனையில் ஆடு கத்தியது.
யாரையோ அதட்டினாள். பிறகு,
"அப்படியானால் தொண்ணூறு நாள் விதை இரண்டு பை,
நீண்டது ஒன்று.
சோளம் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது.
எழுதிக்கொண்டீர்களா?"

மேசையில் வேறு காகிதம் இல்லை.
பயிற்சிச் சான்றிதழைத் திருப்பிப்போட்டு
எழுதிக்கொண்டேன்.