குறைந்தபட்ச எடை

ஒரு நாள் வாடகை ஆயிரத்து இருநூறு,
முன்பணம் ஐயாயிரம், ஆதார் நகல் ஒன்று.
ராமநாதபுரம் கேணிக்கரையில்
காளீஸ்வரன் பையைத் திறந்து காட்டினான்:
ஃபுல் பிரேம்.
கருப்பாக, கொஞ்சம் அலட்சியமாக,
வக்கீல் வீட்டு நாய் மாதிரி படுத்திருந்தது.
சிக்கல் வழியாக வாலிநோக்கம் வரும் பஸ்ஸில்
மடியை விட்டு இறக்கவில்லை.

உப்பு ஆலையில் எடைமேடைச் சீட்டு எழுதுபவன் நான்.
லாரி வெறுமையாய் ஏறும், பிறகு நிறைந்து ஏறும்.
கழித்தால் உப்பு.
எந்தக் கேள்வியையும் இப்படியே பார்க்கப் பழகிவிட்டது.
புதியதிலிருந்து பழையதைக் கழி,
மிச்சம் என்ன?

மிச்சம், மாதம் ஏழாயிரத்துச் சொச்சம்,
இருபத்து நாலு மாதம்.

பீர் நிஷா கேட்டாள்:
“இதுல எடுத்தா பூநாரை கிட்டக்க வருமா?”
வராது. என் பழசின் சென்சார் சின்னது,
ஓரங்களை வெட்டிவிடும், அதனால்
பறவை ஒன்றரை மடங்கு பக்கத்தில் நிற்கிறாற்போல் இருக்கும்.
அதே அளவு லென்ஸ் இதில் என்றால்
எல்லாம் பின்னால் போகும்.
“கூடக் காசு குடுத்துத்
தூரமாவா போவாக?”
சரியான கேள்விதான்.
பதிலுக்கு பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

விடியுமுன் கழிமுகம். முழங்கால் சேறு.
பூநாரைகள் அலகைக் கவிழ்த்துத்
தண்ணீரைச் சலித்துக்கொண்டிருந்தன.
எடுத்தேன்.
பறவைகள் சின்னதாய், மேலே எக்கச்சக்க வானம்,
வலது ஓரத்தில், நான் கூப்பிடாமலே,
பம்புசெட் கொட்டகை,
அதன் கூரையில் காயும் யாருடையதோ ஒரு லுங்கி.
பழைய பெட்டி மூன்று வருடமாய்
எனக்குத் தெரியாமலே இதையெல்லாம்
தள்ளுபடி செய்துவந்திருக்கிறது.
அழகாகத்தான் செய்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

என் படம் இதுவரை போன அதிகத் தூரம்
ஷார்ஜாவில் மச்சான் போனின் முகப்பு.
அதிக அகலம்
உப்பு வியாபாரிகள் சங்கத்துக் காலண்டர், மார்ச் மாதம்.
பறவையின் கழுத்தில் ஆணி ஓட்டை.
இதற்குப் பழசே ஊதாரித்தனம்.

அப்படியே முடித்திருப்பேன்.
ராத்திரி கரண்ட் போனது.
அஃப்ரா கட்டிலில் குறுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
கரையில் எவனோ வல்லத்தில் வைத்திருந்த விளக்கு
சன்னல் வழியாகக் கொஞ்சம் வந்தது.
அவ்வளவுதான் வெளிச்சம்.
பழசில் ஒன்று எடுத்தேன்:
அவள் கன்னம் முழுக்கப் பொரிப்பொரியாய்ப் புள்ளிகள்,
பாத்தியில் முதல் நாள் பூக்கும் உப்பு போல.
இதில் ஒன்று எடுத்தேன்:
சட்டையின் பச்சை பச்சையாகவே இருந்தது.
இருட்டு இருட்டாக, கழுவி வைத்த மாதிரி.
என் கண்ணுக்குத் தெரியாத பச்சை அது.
வெகுநேரம் ஸ்க்ரீனை அணைக்கவில்லை.
பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
உப்பில்லாத அந்தக் கன்னம்
என் பிள்ளையுடையதுதானா என்று
ஒரு நொடி தடுமாறினேன்.
ஒரு நொடிதான்.

காலையில் காளீஸ்வரன் போன்:
“மதியத்துக்குள்ள வந்துருங்க. இடுக்குல உப்பு இருந்தா
முன்பணத்துல இருநூறு பிடிப்பேன்.
இல்ல, அந்த அஞ்சாயிரத்தைக் கழிச்சுக்கிட்டு
நீங்களே வச்சுக்கங்கண்ணே.
மிச்சத்துக்குத் தவணை போட்டுரலாம்.”

ஷிப்ட் தொடங்குமுன் எடைமேடையில் ஏறி நின்றேன்.
உள்ளேயிருந்து ஜெயக்கொடி படித்துச் சொன்னான்: எழுபது.
பையை வெளியே வைத்துவிட்டு
மறுபடி ஏறினேன்: எழுபது.
பத்துக் கிலோவுக்குக் கீழே
அதற்குக் கண் கிடையாது.

முதல் லாரி வந்து ஹார்ன் அடித்தது.
நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.
“அண்ணே, வண்டி ஏத்தணும்.
இறங்குறீகளா?”