கெமி ஊர்க் கணக்கு

காலையில் ஹெல்சிங்கிப் பத்திரிகையிலிருந்து ஒருத்தி கேட்டாள்:
"தௌனோ ரிஹிலாஹ்தியின் மொத்த வசூல் எவ்வளவு?"
உடல் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் அவர் கணக்கை எழுதியவன் நான்.
பதினான்கு படம். ஓடியது ஒன்று:
உருளைக்கிழங்கு எந்திரம் விற்பவன் கதை.
நாடே சிரித்தது. அவருக்கு மட்டும் அது பிடிக்காது.
அந்தச் சிரிப்பை அடகு வைத்துத்தான்
மற்றதையெல்லாம் எடுத்தார்.

ஏரிக்கரை விதவையின் படம் வந்த வாரம் பனிப்புயல்.
ஊர் ஊராய்ப் பெட்டி திரும்பி வந்தது.
கெமியில் மட்டும் பதினோரு நாள்,
நாளுக்கு ஒரே ஒரு டிக்கெட்.
ஏதோ பிழை என்று போன் போட்டேன்.
தியேட்டர்க்காரி சொன்னாள்:
பனி அள்ளும் வண்டி டிரைவர்,
உள்ளே கதகதப்பாக இருக்கிறதென்று வருகிறார்,
விளக்கணைந்ததும் குறட்டை.
ஆறாம் நாள் பாதியில் விழித்துக்கொண்டார்.
அதற்குப் பிறகு
பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கிறார்.

தௌனோவிடம் சொன்னேன்.
சிகரெட்டைக் காப்பிக் கோப்பையில் அணைத்தார்.
"அந்த ஆறாம் நாளை வரவில் எழுது."
எந்தத் தலைப்பில் என்று கேட்டேன், வேடிக்கையாகத்தான்.
பதில் வரவில்லை,
அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பத்திரிகைக்காரியிடம் தொகையைச் சொன்னேன், பழைய மார்க்காவில்.
"யூரோவில்?" என்றாள்.
வகுத்துச் சொன்னேன். சின்னதாகிவிட்டது.
"கடன் போகவா?"
கடன் போனால் ஒன்றுமில்லை அம்மா, என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது:
கெமியின் பதினொன்றை
நான் கூட்டலில் சேர்த்தேனா?
பேரேடு மேசைமேல்தான் இருக்கிறது,
கண்ணாடியைத்தான் காணோம்.